தைராய்டு மாத்திரை போட்டும் மண்டை தெளியவில்லை என்றால்

மருந்தாளுநர்:

"மாத்திரை தவறாம போடுறேன். ஆனா கேஸை அணைச்சேனான்னு மூணு தடவை போய்ப் பார்க்கிறேன், தெரிஞ்சவங்க பேரே வாயில வரமாட்டேங்குது." கவுன்டரில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. அளவைக் கூட்டலாமா என்று யோசிக்கும் முன் பார்க்க வேண்டியது, காலையில் எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் எது முதலில் வயிற்றுக்குள் போகிறது, அடுத்து எது போகிறது என்பதைத்தான்.

லெவோதைராக்சினை, அதாவது தைராய்டு மாத்திரையை, வெறும் தண்ணீரில் விழுங்க வேண்டும். காபி, டிபன் எல்லாம் 30 முதல் 60 நிமிடம் கழித்துத்தான். ஃபில்டர் காபி இரண்டு வழியில் கெடுக்கும். காபியே உறிஞ்சுதலைக் குறைக்கும், அதிலுள்ள பாலின் கால்சியம் இன்னும் குறைக்கும். ஊறவைத்த வெந்தயம், சோயா சேர்ந்த சத்துமாவுக் கஞ்சி இரண்டையும் மாத்திரையோடு ஒட்டிச் சாப்பிடக் கூடாது. கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். "எல்லாம் காலை மாத்திரைதானே" என்று ஒரே கையில் கொட்டிக்கொள்பவர்களுக்கு, 100 மைக்ரோகிராம் போட்டும் அதில் எவ்வளவு உள்ளே போனது என்று யாராலும் சொல்ல முடியாது.

வயிற்று அமிலத்தைக் குறைக்கும் கேஸ் மாத்திரை சங்கதி வேறு. பான்டோபிரசோல் வகையும் சாப்பாட்டுக்கு முன் போடுவதுதான், அதனால் இரண்டும் தலைமாட்டில் ஒன்றாகவே இருக்கும். வயிற்றில் அமிலம் குறைந்தால் தைராய்டு மாத்திரை சரியாகக் கரையாது. ஆகவே இடைவெளி விட்டால் மட்டும் இது தீராது. கேஸ் மாத்திரை நீண்ட நாள் தேவைப்படுகிறதென்றால், அதைத் தொடங்கிய 6 முதல் 8 வாரத்தில் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு மாத்திரை போதாவிட்டால் கூடும், மிஞ்சினால் குறையும்) பார்த்து மருத்துவர் தைராய்டு மாத்திரையின் அளவைத் திருத்த வேண்டும். நிறுத்தும்போதும் அப்படியே.

டப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. அடுப்புக்கு மேல் இருக்கும் அலமாரியில் வைக்காதீர்கள், வெப்பமும் ஈரமும் இந்த மருந்துக்கு ஆகாது. உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் பையைத் தூக்கி எறியாதீர்கள். புது டப்பா திறந்த தேதியை மூடியில் எழுதி வையுங்கள். 100 மாத்திரை டப்பாவில் 100 நாள் கழித்து 17 மிச்சம் இருந்தால், 17 நாள் மறந்திருக்கிறீர்கள். மந்தத்தால் மாத்திரை மறக்கிறது, மறந்ததால் மந்தம் கூடுகிறது. இந்தச் சுற்றை உடைக்க ஏழு அறை மாத்திரைப் பெட்டி போதும், ஒரு வார மாத்திரையை மட்டும் அதில் எடுத்து வையுங்கள்.

ஆய்வக நுட்பர்:

மேலே சொன்னதெல்லாம் சரியாக இருந்தும் ரிப்போர்ட்டே பொய் சொல்வதுண்டு. தைராய்டு குறைந்தால் முடி கொட்டும், முடிக்கு பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை வாங்குவார்கள். உடலுக்கு ஒரு நாளுக்கு வேண்டியது சுமார் 30 மைக்ரோகிராம்தான். கடையில் கிடைக்கும் மாத்திரையில் 5, 10 மில்லிகிராம் வரை இருக்கும். பல ஆய்வகக் கருவிகள் பயோட்டினையே பிடிமானமாக வைத்து அளப்பவை. ரத்தத்தில் அது மிதந்தால் டிஎஸ்எச் குறைவாகவும் ஃப்ரீ டி4 (ரத்தத்தில் உள்ள தைராய்டு ஹார்மோன்) கூடுதலாகவும் தெரியும். "மருந்து அதிகமாகிவிட்டது" என்று அளவைக் குறைத்தால் மந்தம் இரட்டிப்பாகும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017இலேயே இதைப் பற்றி எச்சரித்தது. பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பதற்கு குறைந்தது 2 நாள் முன்பே பயோட்டினை நிறுத்துங்கள், அதிக அளவு எடுப்பவர்கள் இன்னும் சில நாள் முன்பே. சொல்லாமல் விட்டால் எங்களுக்குத் தெரிய வழியில்லை.

அன்றைய தைராய்டு மாத்திரையை ரத்தம் எடுத்த பிறகு போடுங்கள். போட்ட சில மணி நேரத்துக்கு ஃப்ரீ டி4 கூடுதலாகத்தான் காட்டும். டிஎஸ்எச் அதிகாலையில் உயர்ந்து மதியம் இறங்கும். போன முறை காலை 7 மணி, இந்த முறை மதியம் 2 மணி என்று கொடுத்துவிட்டு இரண்டையும் ஒப்பிடுவதில் பொருளில்லை. இந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் 7 நாள் ஆகும், எனவே அளவு மாற்றி 6 வாரத்துக்குள் பரிசோதிப்பது காசுக்குக் கேடு.

நாளமில்லாச் சுரப்பிப் பிரிவு செவிலியர்:

டிஎஸ்எச் எல்லைக்குள் வந்த பிறகும் மந்தம் இருந்தால், அதற்கு மேல் தைராக்சினைக் கூட்டி விரட்டுவதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு. டிஎஸ்எச் 0.1க்குக் கீழே போனால் படபடப்பு, தூக்கமின்மை, வயதானவர்களுக்கு இதயத் துடிப்புக் கோளாறு, எலும்புத் தேய்வு என்று வரும். தூக்கம் கெட்டால் தெளிவு எங்கிருந்து வரும்?

அடுத்துப் பார்க்க வேண்டியவை ஃபெரிட்டின் (இரும்புக் கையிருப்பு), வைட்டமின் பி12, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), தூக்கம். ஹீமோகுளோபின் 12 இருக்கிறதே என்று ஃபெரிட்டினை விட்டுவிடாதீர்கள். ஃபெரிட்டின் 30க்குக் கீழ் இருந்தால் இரும்புக் கையிருப்பு காலி என்று அர்த்தம். ஹஷிமோட்டோ வகை (உடலின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்கும்) தைராய்டு உள்ளவர்களுக்கு பி12 உறிஞ்சாத குறையும் சேர்ந்து வரலாம். பிசிஓஎஸ் என்ற சினைப்பைக் கோளாறுக்காக மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கும் நாளடைவில் பி12 இறங்கும். பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடை உள்ளதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இதை ஆண்களுக்கு மட்டுமே உள்ளது போல நினைப்பது ஏன் என்று தெரியவில்லை.

நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் பருவமும் இதே நேரத்தில் வரும். இரவில் வியர்த்து நாலு தடவை விழிப்பவருக்குப் பகலில் வார்த்தை சிக்காமல் போவது ஆச்சரியமில்லை. வியர்வைக்கும் தூக்கத்துக்கும் வைத்தியம் பார்த்தால் மண்டையும் பாதி தெளியும். ஹார்மோன் சிகிச்சையை ஞாபக சக்திக்காக மட்டும் கேட்டு வாங்காதீர்கள், அதன் வேலை அதுவல்ல.

முதுகலை மருத்துவ மாணவர்:

ஒன்று விட்டுப்போனது. டிஎஸ்எச் மட்டும் பார்த்து "நார்மல்" என்று அனுப்பினால் டிஎஸ்எச்சைச் சுரக்கும் மூளையடிச் சுரப்பியான பிட்யூட்டரியின் கோளாறு கண்ணில் படாமல் தப்பிவிடும். அதில் ஃப்ரீ டி4 குறைந்திருக்கும், டிஎஸ்எச் சாதாரணமாகவே நிற்கும். பிரசவத்தில் அதிக ரத்தம் போய், பால் சுரக்காமல், மாதவிடாயும் திரும்பாதவர் வருடக்கணக்காகச் சோர்வு, மந்தம் என்றால் ஷீஹான் நோயை (பிரசவ ரத்தப்போக்கால் பிட்யூட்டரி பழுதாவது) நினைக்க வேண்டும். இவர்களுக்குக் கார்டிசால் (அட்ரீனல் சுரப்பியின் ஹார்மோன்) பார்க்காமல் தைராக்சின் தொடங்குவது ஆபத்து. கார்டிசால் குறைவென்றால் முதலில் ஸ்டீராய்டு, பிறகுதான் தைராக்சின்.

தைராய்டு குறைவுள்ள முதியவர் உடல் சில்லிட்டு, எழுப்பினாலும் சரியாக எழாமல் குழறினால் அது மந்தமில்லை. உடனே அவசரப் பிரிவு.

மருந்தாளுநர்:

தைராய்டு மாத்திரையை இரவில் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: போடலாம். கடைசியாகச் சாப்பிட்டு 3 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், படுக்கும் முன் பால் கிடையாது. நோன்பு மாதத்திலும் இதுவே பலருக்கு வசதி. காலைக் காபியை ஒத்திப்போடவே முடியாதவர்களுக்கும்தான். நேரத்தை மாற்றினால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, 6 வாரம் கழித்து ஒரு டிஎஸ்எச்.