நீலக் கோட்டும் கறுப்புக் கோட்டும்

குழு: நம்ம வீட்டு வாசகர்கள்

நித்யா: அத்தை, பிரெஞ்சு எழுத்தாளர் ஸ்டெந்தாலோட ‘சிவப்பும் கறுப்பும்’ நாவல்ல ரெண்டாம் பாகம் வந்துட்டேன். கதாநாயகன் ஜூலியன் பாரிஸ்ல மார்க்கி த லா மோல்ங்கற பிரபுகிட்ட செக்ரட்டரியா சேர்ந்துட்டான். எவ்ளோ நல்ல மனுஷன் அந்த மார்க்கி!

லதா அத்தை: எதை வெச்சுடி சொல்ற?

நித்யா: மரம் அறுக்கறவர் பையன், எழுத்துப்பிழை விடறான். வேற யாராவதுன்னா துரத்தியிருப்பாங்க. இவர் ‘சந்தேகம்னா அகராதி பாரு’ன்னு சொல்றதோட சரி.

ரவி சித்தப்பா: ஆமா. பின்னாடி நிலம், ராணுவப் பதவின்னு எவ்ளோ பண்றார்!

நித்யா: ஐயோ சித்தப்பா, கதையைச் சொல்லாதீங்க 😭

லதா அத்தை: ரவி, அதெல்லாம் ஏன் பண்றார்னு உனக்கே தெரியும். நித்யா, நீலக் கோட்டு வந்துச்சா?

நித்யா: இல்லியே

லதா அத்தை: மார்க்கிக்கு கவுட்ங்கற மூட்டுவலி வந்து வீட்டோட கிடக்கறார். பேச்சுத்துணைக்கு ஜூலியன்தான். ஒரு நீலக் கோட்டு பரிசா குடுத்து, ‘இதைப் போட்டுட்டு வந்தா நீ என் நண்பர் டியூக்கோட மகன் மாதிரி’ங்கறார். சாயங்காலம் அதுல போனா சரிக்குச் சமமா மரியாதை. காலைல கறுப்புக் கோட்டுல கணக்கு எடுத்துட்டுப் போனா பழையபடி வேலைக்காரன். அதே ஆள், அதே அறை!

ரவி சித்தப்பா: அக்கா, 1830ல வந்த நாவல். பிரெஞ்சுப் புரட்சியில எல்லாம் போய், பழைய பூர்போன் வம்சத்து ராஜா திரும்பினதும் மறுபடி செல்வாக்கா உக்காந்திருக்கற பிரபுக் கூட்டம் அது. அதுல ஒருத்தர் இவ்ளோ இறங்கி வர்றதே பெரிசு. கோட்டை எப்பப் போடணும்னுகூட ஜூலியன் இஷ்டத்துக்குத்தான் விடறார்.

லதா அத்தை: பாசம் இருக்கு, இல்லேங்கல. ஆனா அந்தப் பாசத்துக்கே அவர் வெக்கப்படறார். ‘அழகான நாய்மேல பாசம் வைக்கலியா, இவன்மேல வெச்சா என்ன’ன்னு தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கறார். அந்த வரியில எனக்கு மனசு விட்டுப்போச்சு. சமமா நடத்தினது ஒரு டியூக் மகனை. மரம் அறுக்கறவர் மகனை இல்ல.

நித்யா: ஜூலியனுக்கு அது புரியுதா?

லதா அத்தை: நல்லாவே. ஒருநாள் காலைல மார்க்கி சந்தோஷத்துல பணம் நீட்டறார். இவன் வாங்கல. ‘இது கறுப்புக் கோட்டுக்காரனுக்கான பணம் இல்ல. வாங்கினா நீலக் கோட்டுக்காரனோட பழக்கம் கெட்டுடும்’னு முகத்துக்கு நேரா சொல்றான். சம்பளத்துக்கு இருக்கறவன் அப்படிச் சொல்ல எவ்ளோ தைரியம் வேணும்!

ரவி சித்தப்பா: அந்த இடம் அபாரம். ஒத்துக்கறேன்.

நித்யா: இன்னைக்கு ராத்திரியே படிச்சுடறேன். அதுவரைக்கும் யாரும் முடிவைச் சொல்லக்கூடாது, முக்கியமா சித்தப்பா!