விஸ்கான்சின் ட்ரௌட் ஓடைகள்: மனைவியுடன் போகிறேன், யோசனை சொல்லுங்கள்

சிகாகோவாசி:
ஜூன் நடுவில் நான்கு நாள் விடுமுறை. நானும் மனைவியும் மேற்கு விஸ்கான்சினில் விரோக்வா பக்கம் ஃப்ளை ஃபிஷிங் (பொய்ப்பூச்சி கட்டிய தூண்டிலால் ட்ரௌட் என்ற குளிர்நீர் மீனைப் பிடிப்பது) போவதாக இருக்கிறோம். எனக்கு இரண்டு ஆண்டுப் பழக்கம், அதுவும் பூங்காக் குளத்தில். அவர் தூண்டிலைத் தொட்டதே இல்லை. நான் ஓடையில் நிற்கும் நேரத்தில் அவருக்குப் பொழுது போக அங்கே என்ன இருக்கிறது? ஓடைகள் பண்ணை வேலிகளுக்கு நடுவே ஓடுகின்றன என்கிறார்கள். உள்ளே இறங்கலாமா?

குட்டைக்கை:
முதல் கேள்விக்குப் பதில்: தூண்டிலை அவர் கையில் கொடுங்கள்.

நானும் "பொழுது போக" அழைத்துப்போகப்பட்டவள்தான். முதல் நாள் பாலாடைக்கட்டிக் கடையையும், ஆமிஷ் குடும்பங்களின் (கார் ஓட்டாத கிறிஸ்தவப் பிரிவினர்) குதிரை வண்டிகளையும் பார்த்தேன். மதியத்துக்குள் ஊர் தீர்ந்துவிட்டது. மறுநாள் கோலைப் பிடுங்கிக்கொண்டேன்.

அங்கே உள்ள டிம்பர் கூலி என்ற ஓடை பல இடங்களில் ஒரு கூடத்தின் அகலம்தான். ஊற்றுநீர், கோடையிலும் கால் விறைக்கும். மீன்களுக்குப் பயம் அதிகம். என் கணவர் ஆறடி உயரம். கரையில் நிமிர்ந்து நின்று, தலைக்கு மேல் கயிற்றை நான்கு முறை சுழற்றுவார். பார்க்க அழகுதான். இரண்டாவது சுற்றிலேயே மீன்கள் கரையடிப் பொந்துக்குள் போய்விடும். மீதி நேரம் வில்லோ மரத்தில் மாட்டிய பொய்ப்பூச்சியை எடுப்பதில் கழியும்.

நான் புல்லுக்குள் மண்டியிட்டேன். மீன் தலையை எதிர்நீருக்குக் காட்டி நிற்கும் என்பதால் கீழ்ப்பக்கமிருந்து மேல்நோக்கி, பதினைந்தடிக் கயிறு மட்டும் வீசினேன். மான்மயிர் கட்டிய பூச்சி நுரையோரம் மிதந்து வந்தது. ஒரு சின்னக் குமிழி எழுந்தது. மழைத்துளி என்று நினைத்தேன். அவர் "தூக்கு, தூக்கு" என்று கத்தினார். பழுப்பு ட்ரௌட், பத்து அங்குலம். வெண்ணெய் நிற வயிறு, விலாவில் சிவப்புப் புள்ளிகள். கையை நனைத்துக்கொண்டு, தண்ணீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றி விட்டுவிட்டோம். அன்று அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இரவுச் சாப்பாட்டில் அவர் அதிகம் பேசவில்லை.

ஒரு கோல் போதும். ஒருவர் வீசும்போது மற்றவர் பின்னால் உட்கார்ந்து மீன் எங்கே எழுகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இருவரும் ஒரே மடுவில் வீசினால் கயிறும் சிக்கும், பேச்சும் சிக்கும்.

ஓடைக்கரை:
சகோதரி சொன்னது சரி. வேலி பற்றி: விஸ்கான்சினில் சாலைப் பாலம் போன்ற பொது இடத்தில் இறங்கி, கால் தண்ணீரில் இருக்கும்வரை நடக்கலாம். கரையேறினால் அது பண்ணைக்காரரின் நிலம், அனுமதி வேண்டும். பல இடங்களில் அரசு பொதுமக்களுக்காக மீன்பிடி உரிமை பெற்றிருக்கிறது. அங்கே வேலியைத் தாண்ட மர ஏணி இருக்கும். மீன்பிடி உரிமத்தோடு ட்ரௌட் முத்திரையும் (ட்ரௌட் பிடிக்கக் கூடுதல் அனுமதி) தனியாக வாங்க வேண்டும்.

பக்கத்து கூன் பள்ளத்தாக்கையும் பாருங்கள். மலைச்சரிவை நேராக உழுது, மண் அரித்து, ஓடைகள் சேறாகிக் கிடந்த இடம். அமெரிக்காவின் முதல் நீர்ப்பிடிப்பு மண்காப்புத் திட்டம் 1933இல் அங்கேதான் தொடங்கியது. சரிவுக்குக் குறுக்கே வளைந்து போகும் பயிர்ப்பட்டைகள் இன்றும் தெரியும். ஓடை தெளிந்ததற்கு அவையும் ஒரு காரணம்.

கரையோரம் மஞ்சள் பூவோடு காட்டு பார்ஸ்னிப் நிற்கும். அதன் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் வரும். அரைக்கால் சட்டையோடு போய் நான் மூன்று வாரம் அவதிப்பட்டேன். வேடர்ஸ் என்ற நீர்புகாக் கால்சட்டை (பெயரைக் கேட்டால் கண்ணப்ப நாயனார் ஞாபகம் வருகிறது) போட்டுக்கொள்ளுங்கள். திரும்பியதும் உண்ணி இருக்கிறதா என்று ஒருவருக்கொருவர் பாருங்கள்.

சிகாகோவாசி:
இருவருக்கும் நன்றி. பதில்களை மனைவியிடம் படித்துக் காட்டினேன். "மண்டியிட்டேன்" என்ற இடத்தில் நிறுத்தி, இன்னொரு முறை படிக்கச் சொன்னார். இப்போது அவர் அளவுக்கு வேடர்ஸ் தேடிக்கொண்டிருக்கிறோம். ஐந்தடி உயரத்துக்கு எந்த அளவு சரியாக இருக்கும்?