38 வயதில் ஐரிஷ் நடனம், அதுவும் சிமெந்துத் தரையில்: சரிவருமா?

உப்புவெளிக்காரி:
வணக்கம். சின்ன வயதில் எட்டு வருடம் பரதம் பழகினேன், ஓ.எல். பரீட்சைக்காகக் கழற்றிய சலங்கையை அதற்குப் பிறகு தொடவே இல்லை. போன வருடம் இங்கே விடுதியில் தங்கியிருந்த ஒரு ஐரிஷ் அம்மா, அறுபது வயதிருக்கும், முற்றத்தில் இரண்டு நிமிடம் ஆடிக் காட்டினார். அன்றிலிருந்து எனக்குப் பைத்தியம். திருமலையில் (திருகோணமலையில்) சொல்லித்தர ஆள் கிடைக்கவில்லை, யூடியூப்தான் குரு. மூன்று கிழமையாக ‘செவன்ஸ்’ (ஏழு எண்ணிப் பக்கவாட்டில் போகிற அடிப்படை அடி) பழகுகிறேன், இப்போது படி இறங்கும்போது கெண்டைக்கால் கத்துகிறது. பக்கத்தில் நேராக அசையாமல் இருக்கவேண்டிய கை வேறு தானாக இடுப்புக்குப் போய்விடுகிறது, முழங்கால் அரைமண்டிக்கு மடிகிறது. “அம்மா, கையைக் கட்டிப்போட்ட மாதிரி ஏன் நிற்கிறீங்கள்” என்று மகள் சிரிக்கிறாள். தரை சிமெந்து. சப்பாத்து இல்லை, வெறுங்கால். தொடரலாமா, இல்லை இந்த வயதில் இது வீண் வேலையா?

தாளக்காரன்:
வீண் வேலை இல்லை அக்கா, பாதி உங்களிடம் ஏற்கனவே இருக்கிறது. ஐரிஷ் மெட்டு வகைகளில் ஜிக் என்பது 6/8 தாளம், வாயால் சொன்னால் தகிட தகிட. ரீல் நாலு நாலாகப் போகும், தகதிமி என்று வையுங்கள். ஸ்லிப் ஜிக் 9/8, அதை நம்முடைய ஒன்பது எண்ணிக்கைச் சங்கீர்ணம் என்று நினைத்து 4, 5 ஆகப் பிரித்தால் கால் பின்னும், அது மூன்று தகிட, அவ்வளவுதான். முதலில் ஆடாமல் பாட்டைப் போட்டுக் கை தட்டிப் பழகுங்கள். இன்னொன்று, எட்டு பார் (தாளச் சுற்று) வலது காலில் தொடங்கி ஆடிவிட்டு அதையே இடது காலில் ஆடவேண்டும், அடவு பழகினவருக்கு இது புதிதா என்ன. கால் விஷயம் எனக்குத் தெரியாது, வேறு யாராவது சொல்லட்டும்.

டப்ளினில்_திருமலையாள்:
தங்கச்சி, நான் இங்கே 41 வயதில் தொடங்கினேன். என் வகுப்பில் பாதிப் பேர் அம்மாமார், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் காத்திருந்து அலுத்துப்போய்ச் சேர்ந்தவர்கள். 1994 யூரோவிஷன் பாட்டுப் போட்டி இடைவேளையில் ரிவர்டான்ஸ் என்ற ஐரிஷ் நடனத்தை ஏழு நிமிடம் ஆடினார்களே, எல்லாரும் அதை மனதில் வைத்துக்கொண்டுதான் வருகிறோம், பிறகு ஆறு மாதம் செவன்ஸும் மூன்று எண்ணுகிற ‘த்ரீஸ்’உம்தான். போட்டிக்கு ‘ஃபெஷ்’ என்று பெயர், அதில் பெரியவர்களுக்கும் தனிப் பிரிவு இருக்கிறது. போட்டியே வேண்டாமென்றால் ‘கெய்லி’ (céilí) என்று கூட்டாக ஆடுவது இருக்கிறது, எனக்கு அதுதான் பிடிக்கும்.

உங்கள் சிக்கல் வயது இல்லை, பரதம். அங்கே பாதம் முழுவதையும் தட்டுவீர்கள், முழங்கால் மடிந்தே இருக்கும். இங்கே குதிக்காலை உயர்த்தி முன்பாதத்தில் நிற்கவேண்டும், முழங்காலை நீட்டி ஒன்றன் முன் ஒன்றாகக் குறுக்கே வைக்கவேண்டும். இத்தனை வருடம் சும்மா இருந்த கெண்டைக்கால் கத்தாமல் என்ன செய்யும். படி விளிம்பில் நின்று குதிக்காலை மெதுவாக ஏற்றி இறக்குங்கள், அதைச் செய்யாமல் துள்ளவே துள்ளாதீர்கள். ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் காணும். கைக்கு மருந்து, இரண்டு கையிலும் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொள்வது. சிரிக்காதீர்கள், நான் அப்படித்தான் பழகினேன்.

சப்பாத்துக்கு அவசரம் வேண்டாம். தட்டுகிற கனமான சப்பாத்து பிறகுதான், முதலில் கயிறு கட்டுகிற மெல்லிய தோல் சப்பாத்து. அதுவரை வளைகிற, அடி மெல்லிய எதுவும் சரி. காலுறையோடு மட்டும் வேண்டாம், வழுக்கும். ஒன்லைன் வகுப்பு தேடினால் நேரத்தைப் பாருங்கள், இங்கே பின்னேரம் 7 மணி என்றால் உங்களுக்கு இரவு 11.30, குளிர்காலத்தில் 12.30.

துள்ளிக்_கெட்டவன்:
டைல்ஸில் இரண்டு மாதம் துள்ளி, முன்னங்கால் எலும்பு நோவெடுத்து ஒன்றரை மாதம் சும்மா இருந்தவன் சொல்கிறேன், சிமெந்தில் துள்ளாதீர்கள். 8க்கு 4 அடி பிளைவூட் பலகை ஒன்று வாங்கி, கீழே பழைய ரப்பர் பாய் போடுங்கள். ஆடி முடிந்ததும் சுவரில் சாத்திவையுங்கள், நம்முடைய கடல் ஈரத்துக்கு நிலத்தில் கிடந்தால் ஓரம் ஊதிவிடும். நோவு தசையில் என்றால் இரண்டு நாள் ஓய்வு. எலும்பில் ஒரே இடத்தில் விரல் வைத்தால் சுள்ளென்றால் டாக்டரிடம் போங்கள், யூடியூப்பில் தேடாதீர்கள்.

உப்புவெளிக்காரி:
எல்லாருக்கும் நன்றி. தகிட சொல்லிக்கொண்டு கை தட்டினேன், மகளும் சேர்ந்துவிட்டாள், அவளுக்கு என்னைவிட வேகமாக வருகிறது, கொஞ்சம் எரிச்சல்தான். நோவு தசையில்தான், விரல் வைத்துப் பார்த்தேன். ஒரு கேள்வி, 8க்கு 4 பலகை ஓட்டோவில் ஏறுமா?

துள்ளிக்_கெட்டவன்:
ஏறாது. கடையிலேயே 4க்கு 4 ஆக இரண்டாக வெட்டித் தரச் சொல்லுங்கள், வீட்டில் சேர்த்துப் போட்டு அடியில் டேப் ஒட்டுங்கள். நன்றாக ஒட்டுங்கள், செவன்ஸ் போகும்போது அந்த நடுவில்தான் கால் தடக்கும்.