பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் உதறுகிறது: புது டிஸ்க் போட்டும் திரும்ப வந்துவிட்டது

காரைநகர் அக்சியோ:
வணக்கம். என்னுடையது 2014 ரொயோட்டா அக்சியோ ஹைபிரிட் கார். வீடு காரைநகரில், வேலை யாழ்ப்பாணம் டவுனில். டவுனுக்குள் ஓடும்போது ஒன்றும் தெரியாது. ஏ9 வீதியில் ஆனையிறவு தாண்டி 80 இல் போய்க்கொண்டிருக்கும்போது பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் இரண்டு பக்கமும் உதறுகிறது. மிதியிலும் காலுக்குத் துடிப்புத் தெரிகிறது. காலை எடுத்தால் நின்றுவிடும். போன வருடமும் இதே கரைச்சல். அப்போது ஒரு கராஜில் முன் டிஸ்க் (சில்லோடு சுற்றுகிற பிரேக் தட்டு) இரண்டையும், அதை நெரிக்கிற பாட்டையும் மாற்றித் தந்தார்கள். சில மாதம் நல்லாத்தான் ஓடியது, இப்போது பழையபடி. "டிஸ்க் வளைந்துவிட்டது, ஜப்பான் சாமான் வாங்கிப் போடுங்கோ" என்கிறார்கள். திரும்பவும் காசைக் கொட்ட முதல் விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்கலாம் என்று எழுதுகிறேன்.

சுன்னாகம் சாரதி:
வீல் பலன்ஸ் பார்த்தீர்களா? என்னுடைய காரும் 90 இல் ஆடியது, பலன்ஸ் செய்ததும் சரி.

கொக்குவில் மெக்கானிக்:
பலன்ஸ் பிழை என்றால் பிரேக்கைத் தொடாமலே ஆடும். தம்பியின் காரில் பிரேக் பிடிக்கும்போது மட்டும், அதுவும் ஸ்டியரிங்கில் வருகிறது. அப்படியென்றால் முதலில் பார்க்க வேண்டியது முன் டிஸ்க்.

ஆனால் தம்பி, "வளைந்துவிட்டது" என்ற கதையை நான் ஏற்கவில்லை. நீங்கள் எழுதியதில் முக்கியமான விஷயம், புதிது போட்டுச் சில மாதம் நல்லா ஓடியது என்பதுதான். டிஸ்க், சில்லைப் பூட்டுகிற நடுப்பகுதியான ஹப்பின் முகத்தில் ஒட்டி இருக்க வேண்டும். இடையில் துரு இருந்தால் டிஸ்க் ஒரு பக்கம் கொஞ்சம் சரிந்து இருக்கும். அந்தச் சரிவு டிஸ்கின் விளிம்பில் இன்னும் அதிகமாகத் தெரியும். முதல் நாள் நடுக்கம் வராது, ஏனென்றால் டிஸ்கின் தடிப்பு எல்லா இடத்திலும் ஒன்றுதான். ஆனால் நீங்கள் பிரேக் பிடிக்காமல் ஓடும்போதும் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடம் பாட்டில் உரசும். சில ஆயிரம் கிலோமீற்றர் ஓடியபிறகு அந்த இடம் தேய்ந்து மெலிந்துவிடும். அதன்பிறகு பிரேக் பிடித்தால், தடித்த இடம் வரும்போது பாட்டை அமத்துகிற பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும், மெலிந்த இடத்தில் விடும். காலுக்குத் தெரிகிற துடிப்பு இதுதான். பிழை பூட்டிய நாளிலேயே நடந்திருக்கும், வெளியில் தெரிய மாதக்கணக்காகும். பழி டிஸ்கின் தலையில் விழும்.

காரைநகருக்குக் கடல் மேலால் போகிற பொன்னாலைப் பாலத்தால் தினமும் வருகிற வாகனங்களுக்கு உப்புக் காற்றில் ஹப் எப்படித் துருப்பிடிக்கிறது என்று என் கையாலே பார்க்கிறேன். செதில் செதிலாக உரியும். புது டிஸ்க் எந்த நாட்டுச் சாமானாக இருந்தாலும் அந்தத் துருவுக்கு மேல் வைத்தால் இதே கதைதான்.

ஆகவே முதலில் டிஸ்கைக் கழற்றச் சொல்லுங்கோ. சுத்தியலால் அடிக்க விட வேண்டாம். டிஸ்கின் நடுப்பகுதியில் மரை வெட்டிய இரண்டு ஓட்டை இருக்கும். 8 மில்லிமீற்றர் போல்ட் இரண்டை அதில் போட்டு மாறி மாறி இறுக்கினால் டிஸ்க் தானாக எழும்பி வரும். ஹப் முகத்தையும், வீல் போல்ட்டுகளைச் சுற்றியிருக்கிற துரு வளையத்தையும், டிஸ்கின் உட்பக்கத்தையும் கம்பிப் பிரஷ், எமரித் தாள் கொண்டு வெறும் இரும்பு தெரியும்வரை சுத்தம் செய்ய வேண்டும். பிறகு டிஸ்கை நட் போட்டு இறுக்கி, டயல் கேஜ் (ஆட்டத்தை அளக்கிற முள் கருவி) வைத்துச் சுற்றிப் பார்க்க வேண்டும். ரொயோட்டா கார்கள் பலவற்றுக்கு 0.05 மில்லிமீற்றர் ஆட்டம்தான் எல்லை. கண்ணால் பார்த்து "நேராத்தான் இருக்கு" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதேங்கோ. கூடுதலாக ஆடினால் டிஸ்கை ஒரு போல்ட் தள்ளித் திருப்பிப் பூட்டி மறுபடி அளக்கலாம், பல நேரம் அதிலேயே குறையும்.

உங்கள் டிஸ்க் ஏற்கெனவே சமமில்லாமல் தேய்ந்திருக்கும், அதனால் ஹப்பைச் சுத்தம் செய்வது மட்டும் காணாது. மைக்ரோமீற்றரால் சுற்றிவர ஏழெட்டு இடத்தில் தடிப்பை அளந்து, லேத்தில் மெல்லிசாகக் கடைந்து எடுக்கலாம். குறைந்தபட்சத் தடிப்பு டிஸ்கிலேயே பொறித்திருக்கும். கடைந்தபிறகு அதற்குக் கீழே போகுமென்றால் புதிதுதான்.

காரைநகர் அக்சியோ:
மிக்க நன்றி அண்ணை. இது திரும்ப வராமல் இருக்க நான் என்ன செய்ய வேண்டும்?

கொக்குவில் மெக்கானிக்:
வீல் நட். ரயர் கடையில் எயார் கன்னால் ஒன்றன்பின் ஒன்றாக அடித்து இறுக்க விடாதேங்கோ. ஒரு நட் கூட, ஒரு நட் குறைய இறுகினால் டிஸ்க் கோணும். எதிரெதிராக, இறுக்கும் அளவைக் காட்டுகிற டோர்க் ரெஞ்சால், உங்கள் காருக்கு 103 நியூட்டன் மீற்றர். அப்புறம் பாட்டைத் தாங்குகிற கலிப்பர் நகர உதவும் பின் இரண்டும் விரலால் தள்ளினால் வழுக்கிப் போக வேண்டும். அதற்கு பிரேக்குக்கென்று வருகிற சிலிக்கன் கிரீஸ்தான், சாதாரண கிரீஸ் ரப்பரை ஊத வைத்துவிடும்.

புதுப் பாட் போட்டதும் 60 இலிருந்து நன்றாக வேகம் குறைத்து, முழுதாக நிற்பாட்டாமல், ஆற விட்டு ஆற விட்டுப் பத்துத் தடவை அளவில் செய்யுங்கோ. நுவரெலியாப் பக்கம் போனால் றம்பொடை இறக்கத்தில் கியரை 'பி' (B, இறக்கத்தில் என்ஜினால் வேகம் குறைக்கும் நிலை) இல் போட்டு இறங்குங்கோ. பிரேக் நன்றாகச் சூடேறியபிறகு மிதியை அமத்திக்கொண்டே நிற்க வேண்டாம், பாட்டின் பொருள் அந்த ஒரே இடத்தில் ஒட்டிவிடும். சூட்டோடு தண்ணீர் அடித்துக் கழுவவும் வேண்டாம். ஹைபிரிட் என்பதால் மெல்லிய பிரேக்கை மோட்டரே பார்த்துக்கொள்ளும், டிஸ்க் சும்மா இருந்து துருப்பிடிக்கும். வீதி வெறுமையாக இருக்கும்போது இடைக்கிடை கொஞ்சம் அழுத்திப் பிடியுங்கோ.

காரைநகர் அக்சியோ:
அண்ணை, கழற்றிப் பார்த்தோம். இடது ஹப்பில் துரு தட்டாகவே எழும்பி இருந்தது. சுத்தம் செய்ய முதல் ஆட்டம் 0.12 மில்லிமீற்றர், பிறகு 0.04. டிஸ்கில் தடிப்பு மிச்சம் இருந்ததால் கடைந்தே பூட்டினோம். நேற்று கிளிநொச்சி போய் வந்தேன், உதறல் இல்லை.

வடமராட்சி வாகன்ஆர்:
எனக்கு ஸ்டியரிங் ஆடவில்லை, பிரேக் பிடித்தால் சீற்தான் அதிர்கிறது. இதுவும் டிஸ்கா?

கொக்குவில் மெக்கானிக்:
சீற் அதிர்ந்தால் பெரும்பாலும் பின் பிரேக். வாகன்ஆருக்குப் பின்னுக்கு டிஸ்க் இல்லை, சட்டி மாதிரியான ட்ரம். உங்களுடையது கையால் இழுக்கிற ஹான்ட் பிரேக் என்றால், ஆள் இல்லாத வீதியில் 40 இல் அதை, பட்டனை அமத்திப் பிடித்தபடி, மெல்ல இழுத்துப் பாருங்கோ. அப்போதும் அதிர்ந்தால் ட்ரம் வட்டம் தவறியிருக்கிறது. இரண்டு பக்கமும் கழற்றி உள் விட்டத்தை அளக்க வேண்டும்.