ஃப்ரெஷ்ஷா, ஃப்ரோசனா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். ஐவிஎஃப் (சோதனைக்குழாய்க் குழந்தை) சிகிச்சையில் இருக்கிறேன், பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) உண்டு. ஊசி ஆரம்பித்ததிலிருந்து ஸ்கேனில் முட்டைகள் ஏராளமாகத் தெரிகின்றன. வயிறு உப்பி, சுடிதார் நாடாவைத் தளர்த்திக் கட்ட வேண்டியிருக்கிறது. இந்த வாரக் கடைசியில் முட்டை எடுப்பார்கள்.

கருக்களை ஐந்தாம் நாள் வரை வளர்த்து, எல்லாவற்றையும் உறைய வைத்து, பிறகு கர்ப்பப்பையில் வைக்கலாம் (ஃப்ரோசன்) என்கிறார் டாக்டர். உறைய வைக்காமல் உடனே வைத்து (ஃப்ரெஷ்) கரு தங்கிவிட்டால், அதிலிருந்து சுரக்கும் எச்சிஜி ஹார்மோனால் ஓஎச்எஸ்எஸ் (ஊசிகளால் சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு வீங்குவது) முற்றிவிடுமாம். ட்ரிகர் ஊசி (முட்டை எடுக்கும் முன் அதை முதிர வைக்கப் போடுவது) நாளில் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் ஏறியிருந்தாலும் ஃப்ரெஷ் வேண்டாமாம். மாமியாருக்கோ, "பிள்ளையை ஐஸ் பெட்டியில வைக்கிறதா?" என்று ஒரே கவலை. அவரை ஒருவழியாகச் சமாளித்துவிடலாம்.

நானும் தேடிப் படித்தேன். 2016இல் சீனாவில் பிசிஓஎஸ் உள்ளவர்களிடம் நடந்த பெரிய ஆய்வில் ஃப்ரோசனுக்குத்தான் குழந்தைப்பேறு கூடுதல். 2018இல் வியட்நாமில் பிசிஓஎஸ் இல்லாதவர்களிடம் பார்த்தபோது பெரிய வித்தியாசமில்லை. அப்படியென்றால் எனக்கு ஃப்ரோசன் சரி. ஆனால் அதே சீன ஆய்வில் ஃப்ரோசன் தரப்பில் ப்ரீஎக்ளாம்ப்சியாவும் (கர்ப்பகாலத்தில் பிரஷர் ஏறி வரும் சிக்கல்) அதிகம். அதுதான் உறுத்துகிறது, எனக்குப் பிரஷர் இப்போதே எல்லையில் நிற்கிறது.

பிசிஓஎஸ்ஸோடு ஃப்ரோசன் செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கர்ப்பப்பையைத் தயார்செய்ய ஹார்மோன் மாத்திரையா, முட்டை வெடிக்க வைத்தா? பிரஷர் எப்படி இருந்தது? உறைய வைக்க, மாதாமாதம் பாதுகாக்க, திரும்ப உருக்க என்று தனித்தனியாகப் பில் போட்டார்களா? முட்டை எடுக்கும் முன் டாக்டரிடம் வேறென்ன கேட்க வேண்டும்?