ஒரிஜினல் இன்ஜினோடு பழைய ஃபெராரி ரேஸ் கார்: விற்குமுன் இன்ஜினை இறக்கலாமா?

பிளாக்நம்பர்:
கேள்வி இதுதான். 1960களின் தொடக்கத்து ஃபெராரி 250 வகை ரேஸ் கார், தொழிற்சாலையில் பூட்டிய அதே வி12 இன்ஜினோடு விற்பனைக்கு வருகிறது. பல வருடம் ஸ்டார்ட் செய்யவில்லை. இன்ஜினை இறக்கிப் பிரித்து ஓவர்ஹால் செய்து விற்பதா, அப்படியே விற்பதா? இறக்கவே கூடாது என்பது என் கட்சி. அதே வகையில் 250 ஜிடிஓ மாடல், சேசிஸ் நம்பர் 3413-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1964-இல் அதன் பாடியையே மாற்றிவிட்டார்கள். அப்படியிருந்தும் 2018 ஆகஸ்டில் மான்டெரே ஏலத்தில் 4 கோடியே 84 லட்சத்து 5 ஆயிரம் டாலருக்குப் போனது. இன்ஜின், கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில் மூன்றும் முதலில் இருந்தவையே என்பது அந்த விலைக்கு முக்கியக் காரணம்.

வெபர்_ஆறு:
அதற்கு எதிர் உதாரணமும் இருக்கிறது. இன்னொரு ஜிடிஓ, சேசிஸ் நம்பர் 3765, 1962 நூர்பர்க்ரிங் 1000 கி.மீ. பந்தயத்தில் 4.0 லிட்டர் இன்ஜினோடு இரண்டாவதாக வந்த கார். பிறகு தொழிற்சாலையே 3.0 லிட்டர் இன்ஜினுக்கு மாற்றிவிட்டது. 2023 நவம்பரில் நியூயார்க்கில் 5 கோடியே 17 லட்சத்து 5 ஆயிரம் டாலர். இன்ஜின் மாறியும் விலை ஏறத்தானே செய்தது? ஓடாத இன்ஜினை ஏல மேடையில் நிறுத்தினால், வாங்குபவர் பிளாக் (இன்ஜினின் முக்கிய வார்ப்பு உடல்) வெடித்திருக்கும், கிராங்க் தண்டு போயிருக்கும் என்று மோசமான கணக்கைத்தான் போடுவார். அந்தச் சந்தேகம் ஓவர்ஹால் செலவைவிட அதிகமாக விலையைத் தின்னும்.

பிளாக்நம்பர்:
அந்தக் காலத்திலேயே தொழிற்சாலை மாற்றி, அதற்குத் தாளும் இருப்பது வேறு. இன்றைக்கு ஒரு ஒர்க்‌ஷாப்பில் நடக்கும் சேதம் வேறு. பிளாக்கைச் சுத்தம் செய்கிறேன் என்று நுண்மணிகளைக் காற்றழுத்தத்தில் வீசி அடித்தால் நம்பர் பஞ்சின் (பிளாக்கில் அடித்துப் பதித்த இன்ஜின் நம்பரின்) ஓரங்களும், அதைச் சுற்றியுள்ள பழைய மெஷின் கோடுகளும் மழுங்கிவிடும். நம்பர் அசலா, பிறகு அடித்ததா என்று பார்ப்பவர் முதலில் தேடுவதே அந்தக் கோடுகளைத்தான். வெல்டிங் இன்னும் மோசம். அறுபது வருடம் எண்ணெய் ஊறிய அலுமினிய வார்ப்பு அது. சூடேற்றினால் பற்று பிடிக்காமல் குமிழ் விடும், வளையும். வளைந்தால் கிராங்கைத் தாங்கும் ஏழு மெயின் பேரிங் இருக்கைகளையும் ஒரே கோட்டில் மறுபடி கடைய வேண்டும். வெட்டி எடுத்த உலோகம் திரும்பி வராது.

லீக்டவுன்:
இரண்டு பேரும் இறக்குவதா, விடுவதா என்ற இரண்டையே பேசுகிறீர்கள். ஹெட்டை (பிளாக்கின் மேல் மூடியை) கழற்றாமலே பெரும்பாலானதைத் தெரிந்துகொள்ளலாம்.

முதலில் 12 பிளக்கையும் எடுத்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் சில மில்லி லேசான எண்ணெய் விட்டு இரண்டு நாள் ஊற விடுங்கள். அதன் பிறகு கையால் மட்டும் சுற்றுங்கள். எங்காவது இறுகினால் அங்கேயே நிறுத்துங்கள். வால்வு கைடில் ஒட்டியிருந்தால், பலம் போட்டதும் வளைந்துவிடும். ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது. தடையில்லாமல் சுழன்றால், வெளியிலிருந்து அழுத்தக் கலன் வைத்து ஆயில் கேஜ் ஏறும்வரை எண்ணெய் செலுத்துங்கள்.

அடுத்து பிளக் துளை வழியே போர்ஸ்கோப் (மெல்லிய கேமரா) விட்டு லைனரில், அதாவது சிலிண்டரின் உட்சுவரில், துரு வளையம் இருக்கிறதா என்று படம் எடுங்கள். பிறகு லீக்டவுன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தக் காற்றைச் செலுத்தி எவ்வளவு, எங்கே கசிகிறது என்று பார்க்கும் சோதனை. பிஸ்டன் கம்ப்ரஷன் மேல்முனையில் (வால்வுகள் மூடி, பிஸ்டன் உச்சியில் இருக்கும் இடத்தில்) சரியாக நிற்க வேண்டும், இல்லாவிட்டால் காற்றே கிராங்கைத் தள்ளிவிடும். கார்புரேட்டரில் சீறினால் இன்லெட் வால்வு, சைலன்ஸரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் மூடியில் வந்தால் பிஸ்டன் ரிங். ரேடியேட்டரில் குமிழ் வந்தால் கேஸ்கட், அல்லது விரிசல். நின்ற இன்ஜினில் ரிங் ஒட்டியிருக்கும், அதனால் முதல் அளவு மோசமாக வருவது இயல்பு. மொத்த எண்ணைவிட, பன்னிரண்டில் ஒன்று மட்டும் விலகி நிற்கிறதா என்பதே முக்கியம். கடைசியாக ஆயிலை லேபுக்கு அனுப்புங்கள்: ஈயமும் செம்பும் கூடினால் பேரிங், சோடியம் வந்தால் கூலன்ட் கலந்திருக்கலாம்.

வெபர்_ஆறு:
இந்த வரிசை சரி. ஆனால் ரேடியேட்டரில் குமிழ் வந்துவிட்டால்? அப்போதும் கை கட்டி நிற்பதா?

லீக்டவுன்:
அப்போது ஹெட்டைக் கழற்றலாம். கேஸ்கட் என்றால் மாற்றிவிடலாம். விரிசல் என்றால் வெல்டிங் வேண்டாம். இடம் அனுமதித்தால் சூடேற்றாமல் உலோகத் துண்டுகளால் விரிசலைத் தைத்து மூடும் முறை இருக்கிறது. நுண்துளைக் கசிவுக்கு வெற்றிடத்தில் பிசின் ஏற்றுவார்கள். இரண்டுமே நம்பர் பஞ்சைத் தொடாத வேலைகள். ரேஸில் ஓட்ட நினைப்பவருக்கு வேறு இன்ஜின் பூட்டிக்கொடுத்து, அசலை ஸ்டாண்டில் வைத்துக் காரோடு சேர்த்தே விற்கலாம்.

ஏலக்கணக்கு:
தாளையும் மறக்காதீர்கள். 250 வகையில் சேசிஸ் நம்பரே இன்ஜின் நம்பர். அதோடு தனியாக ஒரு இன்டர்னல் நம்பரும் உண்டு. தொழிற்சாலைப் பதிவில் உள்ள இரண்டும் பிளாக்கில் உள்ளவற்றோடு ஒத்துப்போக வேண்டும், ஒன்று போதாது. விற்பனைத் தாளில் 'ஒரிஜினல் இன்ஜின்' என்பதும் 'சரியான வகை இன்ஜின்' என்பதும் வேறு வேறு. இரண்டாவது, அதே மாடலின் இன்னொரு இன்ஜின் என்றுதான் பொருள். முதல் சொல்லைப் போட்டு, பிறகு அது தவறென்று தெரிந்தால் விற்றவர்தான் கோர்ட்டுக்குப் போக வேண்டும்.

இன்னொன்று: 3413-இன் விலையில் சுத்தியல் விழுந்தது, அதாவது ஏலக் கேட்பு முடிந்தது, 4 கோடியே 40 லட்சம் டாலரில். மீதி வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குக் கொடுத்த கமிஷன். தனியாக விற்கும்போது 4.84 கோடியை அளவுகோலாக வைத்தால் பேரம் முதல் நாளே முறியும்.

வெபர்_ஆறு:
குமிழ் வராவிட்டால் இறக்க வேண்டாம், ஏற்கிறேன். ஆனால் லீக்டவுன் தாள், போர்ஸ்கோப் படம், ஆயில் ரிப்போர்ட் மூன்றும் ஏலப் புத்தகம் அச்சாகும் முன்பே கைக்கு வந்திருக்க வேண்டும். ஏலத்துக்கு முந்தின வாரம் காட்டினால், அதையே ஒளித்த குறையாகப் பார்ப்பார்கள்.