அப்பாவின் சுகர் 6.1, வேட்டிதான் இடுப்பில் நிற்கவில்லை

குடந்தைக்காரன்

அப்பாவுக்கு 76 வயது, சுகர் வந்து 22 வருடம். போன தீபாவளிக்கு முன் எடுத்த எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் பரிசோதனை) 6.1 என்று வந்ததும் வீட்டில் ஒரே கொண்டாட்டம். அவரே சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னார். வாட்ஸ்அப்பில் வந்ததையெல்லாம் படித்து மதியச் சோற்றை ஒரு கரண்டியாக்கி, ராத்திரி ஒரு சப்பாத்தி, சில நாள் வெறும் மோர் என்று விரதம் மாதிரி இருந்தவர். நாங்களும் ‘என்ன கட்டுப்பாடு பாருங்கள்’ என்று பெருமைதான் பட்டோம்.

வேட்டிக்கு மேல் கட்டும் பச்சை பெல்ட்டில் ஓட்டை போதாமல் ஆணியைச் சுட வைத்துப் புதிதாக இரண்டு ஓட்டை போட்டிருந்தார். அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை, தொப்பை குறைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். நாற்காலியிலிருந்து எழும்போது இரண்டு கையையும் ஊன்றித் தள்ளி எழுவார். வயசாகிவிட்டது, அவ்வளவுதான் என்று விட்டுவிட்டோம்.

மார்கழியில் ஒரு நாள் விடிகாலை நாலரைக்கு பாத்ரூமில் விழுந்தார். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. உடம்பெல்லாம் ஈரம், என்ன கேட்டாலும் சம்பந்தமில்லாத பதில். அம்மாதான் குளுக்கோமீட்டரை எடுத்து வந்தார். ரத்தச் சர்க்கரை 52தான், ரொம்பக் குறைவு.

அப்புறம் பார்த்த முதியோர் மருத்துவர் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, போன பொங்கலுக்கு எடை எவ்வளவு என்றுதான் முதலில் கேட்டார். 64. அன்றைக்கு 57. கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியில் ஐந்து தடவை உட்கார்ந்து எழுந்திருங்கள் என்றார். மூன்றாவது தடவையே தடுமாற்றம், முடிக்க 19 வினாடி ஆனது. ஆசியர்களுக்கு 12 வினாடியைத் தொட்டாலே காலில் பலம் குறைகிறது என்று அர்த்தமாம். சாப்பாடு பாதியாகிவிட்டது, எடை ஏழு கிலோ போய்விட்டது, சுகரை இறக்கும் கிளிமிபிரைடு மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே போய்க்கொண்டிருக்கிறது, சுகர் இறங்காமல் என்ன செய்யும் என்றார். அதை நிறுத்தி மெட்ஃபார்மின் மட்டும் வைத்தார். இவர் வயதுக்கும் உடம்புக்கும் எச்பிஏ1சி ஏழரையிலிருந்து எட்டுக்குள் இருந்தால் போதும் என்று அவர் சொன்னதும் அப்பாவுக்கு முகமே விழுந்துவிட்டது. இருபது வருடமாக நல்ல மார்க் வாங்கப் பழகியவர், பாவம்.

உங்கள் வீட்டிலும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

சேலத்து மருமகள்

எங்கள் வீட்டில் நேர் எதிர், அண்ணா. அத்தைக்கு 71 வயது, 78 கிலோ. ‘இவங்களுக்கா பலவீனம், நல்லாத்தானே இருக்காங்க’ என்பார்கள் எல்லோரும். ஆனால் ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்க என்னைத்தான் கூப்பிடுவார், துணி பிழிந்தால் பாதித் தண்ணீர் அதிலேயே நிற்கும், சிக்னல் விழுவதற்குள் ரோட்டைக் கடக்க முடியாது. கை பிடிமானத்தை அளக்கும் கருவியில் பார்த்தபோது 13 கிலோ காட்டியது. பெண்களுக்கு 18க்குக் கீழே போனால் குறைவு என்றார்கள். அப்போதுதான் புரிந்தது, உள்ளே சதை கரைந்துகொண்டே போகிறது, அந்த இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்கிறது, அதனால் தராசில் ஒன்றும் தெரிவதில்லை. சாப்பிட்ட பின் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை உறிஞ்சிக்கொள்வதே சதைதானாம். அது குறையக் குறைய சுகரும் அடங்காது, சுகர் அடங்காவிட்டால் சதை இன்னும் குறையும்.

தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அந்தத் திட்டத்திலேயே இயன்முறைப் பயிற்சியும் (பிசியோதெரபி) உண்டு என்பது பலருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்தப் பயிற்சி தரும் பெண் வந்து காட்டிக்கொடுத்ததுதான், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எழுவது, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் எழும்புவது. சீரியலில் விளம்பரம் வரும்போது செய்யச் சொன்னேன். விளம்பரத்துக்கா பஞ்சம்! ஆறு வாரத்தில் துணியை அவரே பிழிகிறார்.

நெல்லைத் தம்பி

இதையெல்லாம் படித்துவிட்டு யாரும் நாளைக்கே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள் ப்ளீஸ். எங்க பெரியப்பா ‘சுகர் மாத்திரைதான் உடம்பை உருக்குது’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு எல்லாவற்றையும் தூக்கிப் போட்டார். மூன்று மாதத்தில் சுகர் 400ஐத் தாண்டியது, உடம்பு துரும்பாகிவிட்டது, செருப்பு கடித்த புண் ஆறவே இல்லை. சுகர் அந்த அளவு ஏறினாலும் சதை கரையத்தான் செய்யும். அவருக்கு இன்சுலின் போட்ட பிறகுதான் உடம்பு தேறியது. குறைப்பதோ கூட்டுவதோ டாக்டர் சொல்லட்டும்.

வீட்டு நர்ஸ், கோவை

பதினோரு வருடமாகப் பெரியவர்களை வீட்டில் பார்த்துக்கொள்கிறேன். இளவயதுக்காரர்களுக்கு சுகர் இறங்கினால் கை நடுங்கும், வேர்க்கும், படபடக்கும். பெரியவர்களுக்கு அப்படி வரவேண்டும் என்பதில்லை. பிரஷருக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் வெளியே தெரியாமலே போகலாம்.

ஒரு பாட்டியம்மா சாயங்காலமானால் ‘என்னை என் வீட்டுக்குக் கொண்டு விடு’ என்று சண்டை போடுவார், தட்டைத் தள்ளிவிடுவார். மகள் மறதி நோய்க்கு டாக்டர் தேடிக்கொண்டிருந்தார். ஒரு நாள் அந்த நேரத்தில் விரலில் குத்திப் பார்த்தேன், 58. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்த்தால் 94, ‘எப்பம்மா வந்தே’ என்று என்னைக் கேட்கிறார்! மதியம் சரியாகச் சாப்பிடாத நாளில்தான் அது வந்திருக்கிறது. நினைவில்லாமல் கிடந்தால் மட்டும் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரை ஏறிவிடும், 108ஐக் கூப்பிடுங்கள்.

மருந்துக்கடைக்காரர்

கவுண்டரில் நின்று பார்ப்பதைச் சொல்கிறேன். எட்டு வருடத்துக்கு முந்தைய சீட்டு, மடிப்பில் கிழிந்து டேப் ஒட்டியிருக்கும். ‘அதே மாத்திரை, ஒரு மாசத்துக்கு’ என்பார்கள். அதில் சுகரை இறக்கும் கிளிபென்கிளமைடு என்ற மாத்திரை இருந்தால் எனக்கு பக்கென்று இருக்கும். அது உடம்பில் நெடுநேரம் நிற்கும், கிட்னி தளர்ந்தவர்களுக்கு இன்னும் அதிக நேரம். அதனால் வயதானவர்களுக்குத் தவிர்க்கச் சொல்லும் மருந்து அது. ஒரு தடவை டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள் ஐயா என்றால் கோபித்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள்.

சுகரை எவ்வளவு இறக்கினாலும் நல்லதுதான் என்ற நம்பிக்கை டாக்டர்களிடமும் ஒரு காலத்தில் இருந்ததுதான். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ‘அக்கார்ட்’ ஆய்வில் எச்பிஏ1சியை 6க்குக் கீழே கொண்டுபோக முயன்ற பிரிவில் இறப்பு கூடுதலாக இருந்ததால் 2008ல் அந்த முயற்சியைப் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

இன்னொன்று, மெட்ஃபார்மின் பல வருடமாகச் சாப்பிடுபவர்கள், அதிலும் சைவக்காரர்கள், வைட்டமின் பி12 அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள், அது குறையலாம். பி12 குறைந்தாலும் கால் மரத்துப்போகும், அதை எல்லாம் சுகர் கணக்கில் எழுதிவிட வேண்டாம்.

குடந்தைக்காரன்

எல்லோருக்கும் நன்றி. சேலத்துத் தங்கச்சி, விளம்பர நேரப் பயிற்சியை எங்கள் வீட்டிலும் ஆரம்பித்துவிட்டோம், அப்பா நியூஸ் சேனல் பார்ப்பவர் என்பதால் அங்கேயும் பஞ்சமில்லை.

சாப்பாடு பற்றித் தனிச்செய்தியில் இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். ஒரு கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் என்றார் டாக்டர், அப்பாவுக்கு 60 கிராம் பக்கம். கிட்னி ரிப்போர்ட் பார்த்துவிட்டுத்தான் சொன்னார், கிட்னி தளர்ச்சியைக் காட்டும் கிரியேட்டினின் கூடியவர்கள் கேட்காமல் செய்ய வேண்டாம். உட்கார்ந்து கணக்குப் போட்டால் அவர் சாப்பிட்டதில் பாதிகூடத் தேறவில்லை. ரசமும் மோரும் சாப்பிட்டுவிட்டு பருப்பு சாப்பிட்டதாக நினைத்திருக்கிறார் மனிதர்! முட்டை என்று சொன்னதற்கு இரண்டு நாள் பேசவில்லை. சுண்டல் கொடுத்தால் கடைவாய்ப் பல் இல்லை. கடைசியில் பச்சைப்பயறு தோசை, மூன்று பருப்பு அடை, கெட்டித் தயிர், ராத்திரி பனீர் பொடிமாஸ் என்று அம்மா ஒரு வழிக்குக் கொண்டுவந்தார்.

நாலு மாதம் ஆகிறது. எடை 59.5, நாற்காலிக் கணக்கு 14 வினாடி, எச்பிஏ1சி 7.4. அந்த 7.4ஐ மட்டும் டைரியில் சிவப்பு மையில் எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறார். பாத்ரூமில் பிடித்துக்கொள்ள எவர்சில்வர் கம்பி வைத்துக் கொடுத்தேன், அதில் துண்டு காயப்போடுகிறார்.